ஆனியில் அறுப்பு

அஜித்தின் குரலை நான் குளியலறையில் உட்கார்ந்துதான் அனுப்புவேன். காட்டூரில் எங்கள் வீடு தஞ்சாவூர் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. பஸ் ஹாரன், மீன் வண்டியின் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மிக்ஸி என்று எல்லாச் சத்தமும் உள்ளே வரும். குளியலறைக்கு மட்டும்தான் ஜன்னல் சின்னது. கதவைச் சாத்தி, சொட்டும் குழாயை இறுக்கி மூடி, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, ஆபரேஷன் ஆன வலது காலை நீட்டி வைத்துக்கொள்வேன். அவன் பேசி வைத்ததை என் போனில் ஓடவிட்டு, அவனுடைய போனின் மைக்கில் பிடித்து, அவன் அம்மாவின் நம்பருக்கு அனுப்புவேன். "அம்மா, நல்லா இருக்கேன். சாப்ட்டேன். இங்க டவர் கிடைக்கல, அதான் பேச முடியல. அப்பாவ மாத்திரை ஒழுங்கா போடச் சொல்லு." பதினைந்து வினாடிதான். ராணுவத்தில் பதினான்கு வருஷம் போட்டுவிட்டு, முப்பத்து மூன்று வயதில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை இது.

காரணத்தைச் சொல்லாமல் மேலே போனால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். நானும் அஜித்தும் ராணுவத்தின் சிறப்புப் படையில் இருக்கிறோம். எங்கள் யூனிட்டில் ஆட்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்பார்கள். ஒருத்தன் தூங்கினால் மற்றவன் விழித்திருக்க வேண்டும். ஒருத்தனுக்கு அடிபட்டால் மற்றவன் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அஜித் என் ஜோடி. லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், ஒரே பிள்ளை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட ஐந்து வயது சின்னவன் என்பதால் அண்ணே என்பான்.

வேலைக்குக் கிளம்பும்போது யாரும் போனை எடுத்துப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டுக்குச் சொல்லவும் கூடாது. பத்து நாள் போன் அணைந்து கிடந்தால் வீட்டிலிருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதைப் பற்றி மேலே யாரும் யோசிப்பதில்லை. நாங்கள்தான் யோசித்தாக வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன் ஆளுக்கு ஐந்தாறு குரல் செய்தி பேசி வைத்துவிட்டுப் போவோம். அடிபட்டோ காய்ச்சலிலோ பின்னால் தங்குகிறவன் மூன்று நாலு நாளைக்கு ஒன்றாக எல்லார் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். வடக்கத்திப் பையன்கள் இதை அச்சார் என்பார்கள். எனக்கும் அஜித்துக்கும் அது ஊறுகாய். கெட்டுப்போகாத மாதிரி பேச வேண்டும். வெயில், மழை, பண்டிகை, கிரிக்கெட் எதுவும் வாயில் வரக் கூடாது.

பிப்ரவரியில் விமானத்திலிருந்து குதித்தபோது காற்று தள்ளிவிட்டது. பாறை மேல் இறங்கினேன். முழங்கால் போயிற்று. ஆபரேஷன் முடிந்து ஏப்ரல் கடைசியில் மருத்துவ விடுப்பில் ஊருக்குக் கிளம்பினேன். அஜித் தன் போனைக் கொண்டுவந்து என் பைக்குள் திணித்தான். மே மாதம் நெடுநாள் வேலை ஒன்று இருந்தது.

"புதுசா பேசிக் குடுடா," என்றேன்.

"போன தடவ போட்டதே ஆறு மிச்சம் இருக்குண்ணே, உங்க போன்லதான் கெடக்கு. அதையே ஓட்டுங்க. நான் புதுசா என்ன சொல்லிடப் போறேன்."

சோம்பேறிப் பயல். நாற்பது கிலோ மூட்டையோடு மலை ஏறச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டான். இரண்டு நிமிஷம் பேசச் சொன்னால் வலிக்கும். நானும் சரி என்று விட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வந்தால் தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எத்தனை பேரைச் சுட்டீங்க? சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருத்தர் என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, பார்த்தா அப்படித் தெரியலையே என்பார். எப்படித் தெரிய வேண்டும்? சுடுவதெல்லாம் வருஷத்தில் சில நிமிஷம். மற்ற நாளெல்லாம் மூட்டை, நடை, காத்திருப்பு. கால் நகங்கள் கறுத்து உதிரும். ஒரு குழிக்குள் இரண்டு பகல் அசையாமல் கிடக்க வேண்டும், அவசரத்துக்குப் பாட்டில். இருமல் வந்தால் துணியைக் கடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். எனக்கு இடது காதில் பாதிதான் கேட்கும். ஜாஸ்லின் இடது பக்கம் படுத்துக்கொண்டு எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் ம் கொட்டுவேன். எதற்கு ம் கொட்டினேன் என்று மறுநாள்தான் தெரியும்.

ஜாஸ்லின் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஆகவே அவளிடம் எதையும் மறைக்க முடியாது. மூன்றாவது தடவையே கதவைத் தட்டிவிட்டாள். திறந்தேன். இரண்டு கையிலும் இரண்டு போனோடு வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லாமல் ஊறுகாய் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வந்ததும் இதானா?"

நான் இரண்டு போனையும் மடியில் வைத்தேன்.

"ஏங்க, நம்ம ஆஷ்லி பொறந்த அன்னைக்கு வந்துச்சே. ஒடம்பப் பாத்துக்க, நான் கூடவே இருக்கேன்னு. அது?"

"அது ஒரு வாரம் முன்னாடி பேசினது."

அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே குளியலறைக் குழாயை ஒரு துணியால் இறுக்கக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சொட்டுச் சத்தம் கேட்கக் கூடாதாம்.

அஜித்தின் அம்மா ஆனந்தவள்ளி பதிலுக்குக் குரல் செய்தி அனுப்புவார். அதையும் நான்தான் திறக்க வேண்டும். திறந்தால்தான் நீல டிக் விழும், பிள்ளை கேட்டுவிட்டான் என்று நிம்மதியாவார். இன்னொருத்தன் அம்மா அவனுக்குச் சொல்வதைக் காதில் வைத்துக் கேட்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. எருமை கன்று போட்டது, பெண் ஜாதகம் ஒன்று வந்தது, எல்லாம் எனக்கு வந்தது. மே கடைசியில் ஒரு நாள் வந்தது வேறு மாதிரி இருந்தது. "கண்ணு, அப்பாவுக்கு கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குடா. லால்குடில பாத்துட்டு திருச்சிக்குப் போகச் சொல்லிட்டாங்க. நீ பயப்படாத. அவரு ஒங்கிட்ட சொல்லக் கூடாதுங்கறாரு."

கைத்தடியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஜித்தின் அப்பா வீரமலையை அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். நெடுநெடுவென்று, வாய்க்கால் வரப்பில் நடக்கிற மாதிரியே ரோட்டிலும் ஓரமாக நடக்கிற மனிதர். இப்போது கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். கணையத்தில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது, அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. பையன் ராணுவத்தில் இருக்கிறானாமே, வரவழைத்துவிடுங்கள் என்றார். ஏதோ லால்குடி பஸ்ஸில் ஏறி வந்துவிடுவான் என்பது போல.

யூனிட்டுக்குப் போன் போட்டேன். பின்னால் தங்கியிருந்த சுபேதார் நல்ல மனுஷன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஜூட் என்று என் பெயரைச் சொல்லி, போனவர்கள் போனவர்கள்தான், நடுவில் கூப்பிட வழியில்லை, திரும்பி வந்ததும் முதல் ஆளாக விமானத்தில் ஏற்றிவிடுகிறேன் என்றார். எப்போது வருவார்கள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஒன்று மட்டும் சொன்னார். நடுவில் ஏதாவது காவல் போஸ்ட்டிலிருந்து அவன் உன்னைக் கூப்பிட்டால் இதைச் சொல்லிவிடாதே. ஏன் என்று உனக்கே தெரியும்.

தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரு இமாச்சலக்காரன் இருந்தான். கிளம்புகிற நேரத்தில் அவன் வீட்டிலிருந்து என் போனுக்குத் தகவல் வந்தது, குழந்தைக்கு ஜுரம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. மறைப்பது பாவம் என்று நினைத்து நான் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் நடக்கும்போது, வைக்கக் கூடாது என்று முன்னால் போனவன் கை காட்டிய இடத்திலேயே அவன் காலை வைத்தான். கண்ணிவெடி. குழந்தைக்கு மறுநாளே ஜுரம் விட்டிருந்தது. அதற்கப்புறம் வெளியே போன எவனுக்கும் வீட்டு விஷயம் சொல்வதில்லை. அங்கே இருக்கிறவனுக்கு வீடு நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு அவன் நன்றாக இருக்கிறான். இது நாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம், எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போவதற்குள் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும். முகம் பார்க்கிற ஆசையை அவரே விட்டுவிட்டார். ஊறுகாய் வந்தால் ஆனந்தவள்ளி அம்மா போனை அவர் காதில் வைப்பார். ஒவ்வொன்றையும் ஐந்தாறு தடவை கேட்பார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கான்," என்பார். நான் ஆமாங்கப்பா என்பேன். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே எனக்குத் தெரியாது. போய் நாற்பது நாள் ஆகியிருந்தது, யூனிட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வேலையில் செய்தி இல்லை என்றால் நல்ல செய்தி என்று சொல்லிக்கொள்வோம். அது சும்மா.

வாரத்துக்கு ஒன்றாக இழுத்தும் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். ஆனி மாதம் முதல் வாரம், அப்பா இரண்டு நாளாகக் கஞ்சி கூட எடுக்கவில்லை என்று அம்மா அழுதார். அந்தக் கடைசி ஒன்றையும் எடுத்தேன். முன்பே ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தேன், குற்றம் ஒன்றும் தெரியவில்லை. என் அப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். எனக்கு அரிசி தெரியும், நெல் தெரியாது. காலையில் வாளி மேல் உட்கார்ந்து அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் போகும்போது அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, நல்லா இருக்கேன். அறுப்பு மிஷின் வந்துருச்சா? வைக்கோல நனைய விட்டுறாதீங்க. ஒடம்பப் பாத்துக்குங்க." ஒரு தடவை கேட்டார். இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்து மார்பில் கவிழ்த்து வைத்தார்.

"ஆனந்தவள்ளி, கேன்டீன்ல போயி எனக்கு ஒரு டீ வாங்கியா."

இரண்டு நாளாக எதுவும் வேண்டாம் என்றவர் டீ கேட்டதும் அம்மா முகமெல்லாம் மலர்ந்து ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு சாத்துகிற வரை அப்பா காத்திருந்தார்.

"தம்பி, ஆனியில எந்த ஊர்ல சம்பா அறுக்கறாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எங்க பக்கம் சம்பா அறுப்பு தை மாசி. இப்ப குறுவைக்கு நாத்து விட்டுருக்கு. அது அவனுக்குத் தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் லீவு போட்டு வந்த பய அவன். இது தை மாசம் பேசினது."

அப்போதுதான் உறைத்தது. ஜனவரியில் பேசியது. அஜித் எல்லாவற்றையும் கவனமாகத் தவிர்த்திருந்தான், மழை இல்லை, பொங்கல் இல்லை. ஆனால் விவசாயி மகனுக்கு அறுப்பு என்பது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, எங்கள் வீட்டில் பால் வந்துதா என்று கேட்பது மாதிரி கேட்டுவைத்திருக்கிறான். எனக்கோ அறுப்பு என்றால் வருஷம் பூராவும் எங்கேயோ நடக்கிற ஒன்று. இரண்டு பேருமாகச் சேர்ந்து மாட்டிக்கொண்டோம்.

"உசுரோட இருக்கானா?" என்றார்.

எத்தனையோ பேச்சுப் பேசலாம். கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது என்று எங்களுக்கு மாதக் கணக்கில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், கட்டிப்போட்டு, தூங்கவிடாமல், தண்ணீர் ஊற்றி. அங்கே வாயைத் திறக்காதவன் நான். ஒரு நோயாளி கட்டிலில் படுத்தபடி கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது.

"தெரியலங்கப்பா. சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க இருக்கான்னும் தெரியாது. போனா இப்படித்தான். ஒண்ணும் ஆகலன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆச்சுன்னா சொல்வாங்க. இதுவரைக்கும் சொல்லல."

குழுவில் எல்லோரும் இப்படி ஊறுகாய் போட்டு வைப்போம் என்பதையும், குளியலறையையும், இமாச்சலக்காரனையும் சொன்னேன். அழுதுவிட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் இப்படிக் கெடக்கறது அவனுக்குத் தெரியாது."

"தெரியாதுங்கப்பா."

"நான் போயிட்டாலும் சொல்ல மாட்டீங்க."

"அவன் திரும்பி வர்ற வரைக்கும் சொல்ல மாட்டோம்."

அம்மா டீயோடு வந்துவிட்டார். அப்பா ஒரு வாய் குடித்தார். குடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் குடித்தார். "அஜித்து நல்லாத்தான் இருக்கான். அறுப்புக்கு வந்துடுவானாம்," என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் ஒரு நடுக்கம் இல்லை. எங்கள் சுபேதாரே அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் என்னைக் காலையிலேயே வரச் சொன்னார். அம்மா ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தார். தாயாரைச் சேவித்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்தது அப்பாதான் என்று பிறகு தெரிந்தது. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார்.

"அந்த ஊறுகாய எனக்கும் போடத் தெரியும். போன எடு தம்பி."

நான் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

"அவன் எப்ப வருவான்? தோராயமா சொல்லு."

"தைக்குள்ள வந்துருவான்ப்பா."

"அப்ப தை வரைக்கும் போதும். அவன் உசுரோட இருந்து, கேட்டான்னா, போடு. இல்லேன்னா அழிச்சிரு. ஆனந்தவள்ளி காதுல விழக் கூடாது."

ஐந்து பேசினார். ஆடிக்கு ஒன்று, ஆவணிக்கு ஒன்று, புரட்டாசி, ஐப்பசி, தை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண்ணை மூடி யோசித்தார், வயலில் அப்போது என்ன இருக்கும் என்று. ஆடியில் குறுவை நட்டிருக்கும். ஆவணியில் களை எடுப்பு. புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா நாற்றும். ஐப்பசியில் தீபாவளியும் அடை மழையும், வடிகால் வெட்டிவிட்டேன் என்று ஒரு வரி. கார்த்திகை, மார்கழி வேண்டாம் என்றார். பனியில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமாம், அந்த மாதங்களில் போனில் பேச மாட்டாராம், பிள்ளைக்கு அது தெரியும். மூச்சு வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிஷம் படுத்துக்கொண்டார். குரல் தேய்ந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி பேசினார். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்ல இடம் விட்டு, விரலை ஒன்று இரண்டு மூன்று என்று மடக்கிவிட்டு மேலே பேசினார். தைக்குப் பேசும்போதுதான் குரல் உடைந்தது. "அறுப்பு மிஷின் வந்துருச்சுடா," என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டாம் தடவை சரியாகப் பேசி முடித்தார்.

"ஒன்ன மாதிரி தப்பு பண்ணலல்ல?" என்று கேட்டார். இல்லைங்கப்பா என்றேன்.

ஆடி பிறந்த அன்று வீரமலை அப்பா போய்விட்டார். கொள்ளி வைக்க ஒரே பிள்ளை இல்லை. பங்காளி முறையில் அண்ணன் மகன் ஒருவர் வைத்தார். நான் என் சிவப்புத் தொப்பியோடு சுடுகாட்டு ஓரத்தில் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு யாரோ, பாருய்யா, மகனுக்குப் பதிலா பட்டாளமே வந்திருக்கு என்றார்கள். பட்டாளம் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது. ஆனந்தவள்ளி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லிட்டீங்களா தம்பி? என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேம்மா. அழுதான். வர வழியில்லம்மா."

சொல்லவில்லை என்றால் அவராகவே எங்காவது போன் செய்து யாரிடமாவது கதறுவார் என்று பயந்தேன். அதனால் இந்தப் பொய். அவனுக்கு அப்பா உயிரோடு இருந்தார். அம்மாவுக்கு, அழுதுவிட்டுக் காவலுக்குப் போன மகன் இருந்தான். இரண்டு பொய்க்கும் நடுவில் நான் இருந்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில், காவிரிப் படித்துறையில். இரண்டு நாளில் ஆடிப்பெருக்கு என்பதால் ஆற்றில் தண்ணீர் படி ஏறி ஓடியது. ஒரு பக்கம் பிண்டம் கரைக்கிறவர்கள், இன்னொரு பக்கம் முன்கூட்டியே வந்துவிட்ட புதுப்பெண்கள், மாலை, பூ, காதோலை விற்கிறவர்கள் கூச்சல். அம்மாவைப் பெண்கள் சுற்றி நின்று தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தாலியைக் கழற்றுகிற நேரம். நான் பார்க்க வேண்டாம் என்று மண்டபத்துத் தூண் ஓரமாக ஒதுங்கினேன். அப்போது என் போன் அடித்தது. நம்பர் இல்லாத அழைப்பு.

"அண்ணே."

உட்கார்ந்துவிட்டேன். எண்பது நாளுக்கு அப்புறம் அவன் குரல். ஊறுகாய் இல்லை, நிஜக் குரல். இருக்கிறான். மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்கேண்ணே. ஒரு போஸ்ட்ல இருக்கோம். ரெண்டு நிமிஷம்தான். விடிஞ்சா மறுபடி கெளம்பறோம். முட்டி எப்படி இருக்கு? என்னண்ணே அங்க ஒரே சத்தமா இருக்கு?"

"அம்மா மண்டபம்டா. ஆடிப்பெருக்குக் கூட்டம். ஜாஸ்லின் பாக்கணும்னா."

"அப்பா எப்படி இருக்காரு?"

விடிந்தால் மறுபடி கிளம்புகிறார்கள். அதுதான் என் காதில் நின்றது. இமாச்சலக்காரனின் காலணி ஒன்று மட்டும் கிடைத்ததும் என் கண்ணில் நின்றது.

"நல்லா இருக்காருடா."

"போஸ்ட்லேருந்து வீட்டுக்குப் போட விட மாட்டாங்கண்ணே. நீங்க லைன் போட்டு போனோட போன வைங்க. ஒரு நிமிஷம் அப்பாகிட்ட பேசிக்கிறேன்."

இப்படித்தான் செய்வோம், எல்லா ஜோடியும் செய்வதுதான். நான் அஜித்தின் போனை எடுத்தேன். ஐந்தையும் அதில்தான் வைத்திருந்தேன். படித்துறையில் அம்மா ஈரப் புடவையோடு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, இரண்டு போனையும் சேர்த்துக் கேட்கிற என் வலது காதோரம் பிடித்து, ஆடிக்குப் பேசியதை ஓடவிட்டேன்.

"அஜித்து, அப்பா பேசறேன். வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. குறுவை நட்டாச்சு. ஒடம்பு தேவலாம். நீ சாப்டியா?"

அப்பா விரல் மடக்கிய இடம் வந்தது. அந்த இடைவெளிக்குள் அஜித் சரியாகப் பதில் சொன்னான். "சாப்ட்டேம்ப்பா. இந்தத் தடவ என்ன ரகம் போட்டீங்க?"

"சரி, சரி. ஒடம்பப் பாத்துக்க. அம்மா கோயிலுக்குப் போயிருக்கா."

"அப்பா, என்ன ரகம்ப்பா?"

"சரிடா, வெச்சிடறேன்."

என்ன நெல் போட்டீர்கள் என்று கேட்டு எந்த விவசாயி பதில் சொல்லாமல் போனை வைப்பார்? எனக்கே அது தெரிந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவ்வளவு கற்றிருந்தேன். அஜித்தின் போனைக் கீழே இறக்கினேன். என் போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவன் பின்னால் யாரோ ஹிந்தியில், போதும், அடுத்த ஆள் என்றார்கள்.

"அண்ணே," என்றான். "இன்னும் எத்தன இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னடா எத்தனை என்று கேட்டிருக்கலாம். இரண்டு மாதமாக எல்லோருக்கும் சொன்ன வாய்க்கு அவனிடம் ஒன்றும் வரவில்லை.

"நாலு," என்றேன். "தை வரைக்கும்."

அவன் அழவில்லை. சரிண்ணே என்றான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். எதைச் சொல்லாமல் காப்பாற்றினோமோ அதை மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவன் விடியற்காலையில் நடக்கப் போகிறான். அதைத் தடுக்க என்னிடம் ஒரு முழங்காலும் ஒரு போனும்தான் இருந்தன.

"டேய் அஜித்து, காலப் பாத்து வைடா," என்றேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தலை துவட்டாமல் அம்மா படியேறி என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார்.

"யாரு தம்பி, அஜித்தா?"